நானூத்தி மூணாம் நம்பர் கதவு

செலண்டார்,
14.6.1999

கொழுந்தனார் சேகரன் அவர்களுக்கு அண்ணி பெத்தம்மாள் எழுதுவது.

முதலில் என் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது கண்ணு மூக்கு வைத்து உங்களிடம் சொல்லிவிடுவார்கள். போன சனிக்கிழமை ஜாசின் கம்ப்யூட்டர் கடைக்கு நான் தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அந்த அரக்குக் கலர் சேலை. தலையில் பூ, கழுத்தில் அட்டிகை, முகத்தில் இரண்டு பூச்சு பவுடர். நான் பேத்தியைப் பார்க்கும்போது பேத்தியும் என்னைப் பார்க்கும் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் தெரியும் என்றால், அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் தெரியாதா என்ன. பெட்டி முன்னால் உட்கார்ந்து, பல் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துப் பெட்டியில் துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் ஆ சூன்தான் வந்து மலாயில் சொன்னார். அக்காவுக்கு அவர் வாயில் காக்கா. "காக்கா, இது வெறும் படம். அது உங்களைப் பார்க்காது. வாய் வலிக்கப் போகுது, மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன். இது என் கோபம் இல்லை. என் கோபம் இனிமேல்தான் வருகிறது.

அந்தப் படம் மேலே இருந்து கீழே வருகிறது, உங்களுக்குத் தெரியும். முதலில் ஒரு சுவர் வந்தது. அதற்கே நேரமாச்சு. சரி, மகள் வீட்டுச் சுவர், நன்றாக வெள்ளையடித்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நீலத் திரை. பிறகு கொஞ்சம் முடி. அதற்குக் கீழே நெற்றி. என் பேத்தியின் நெற்றி, இரண்டு விரல் அகலம். அதோடு நின்றுபோச்சு. "திரும்பத் திறங்க"ன்னு ஆ சூனிடம் சொன்னேன். திறந்தார். சுவரும் இல்லை, திரையும் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம், அதில் இங்கிலீஷில் ஒரு வரி.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

ஆ சூன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லையாம்."

"எனக்கா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

எனக்கு அனுமதி இல்லை. பத்து மாதம் சுமந்து திலகவதியைப் பெற்றவளுக்கு, அவள் பெற்றதைப் பார்க்க அனுமதி இல்லை. இதை யார் எழுதியிருப்பார்கள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். யோசிக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். இந்த இணையம் கினையம் எல்லாம் யார் ஆபீசில் இருந்து வருகிறது? நீங்க வேலை செய்யும் ஆபீசில் இருந்து. எங்க குடும்பத்தில் வேறு யாருக்கு இதைத் திறக்கவும் மூடவும் தெரியும்?

திலகவதி அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை நகுலனை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு கனடா போனதில் இருந்து, அவள் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்று உங்க அண்ணன் உத்தரவு. பிள்ளை பிறந்ததும் அவள் போட்டோ வைத்து இரண்டு கடிதம் போட்டாள். இரண்டையும் உங்க அண்ணன் உறை பிரிக்காமல் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே. இனிமேல் தபாலில் அனுப்ப மாட்டேன், உலகமே பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த விலாசத்தை உங்க மூலமாகத்தான் எனக்குக் கொடுத்தாள். அப்படியென்றால் பூட்டினது யார்?

எப்போதும் உன்னை நீ, வா, போ என்றுதான் எழுதுவேன். பன்னிரண்டு வயதில் மூக்கு ஒழுக நின்ற உன்னைத் தூக்கி வளர்த்தவள். இன்றைக்கு 'நீங்க' போட்டிருக்கிறேன். அது மரியாதை இல்லை.

பதிலை வழக்கம்போல் பள்ளிக்கூடக் கேண்டீன் விலாசத்துக்குப் போடவும். வீட்டுக்குப் போட்டால் அதுவும் திரும்பி வரும்.

பெத்தம்மாள்


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்,
18.6.1999

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். கிழித்ததில் இருந்த வார்த்தைகளை நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது.

நானா பூட்டுவேன்? திலகாவின் பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கையெழுத்துக்காக அண்ணன் என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். அதன் பிறகு இரண்டு தீபாவளி. இரண்டையும் இந்த வாடகை அறையில் மெகி மீ நூடுல்ஸ் கிண்டித் தின்று கழித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், அந்தக் குழந்தையை உங்களிடமிருந்து மறைப்பேன் என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் வேலை என்னவென்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டதில்லை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, கோபமாகக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. என்னிடம் எந்தச் சாவியும் இல்லை. அந்தப் படம் எங்களிடமும் இல்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் யார் கேட்டாலும் கொஞ்சம் இடத்தை இலவசமாகக் கொடுக்கிறது. திலகா அங்கேதான் படத்தை வைத்திருக்கிறாள். எங்கள் ஆபீஸ் வெறும் பாதை. ஜாசினில் இருந்து அங்கே போகிற பாதை.

அனுமதி இல்லை என்று எழுதியது பாதை இல்லை, அந்த வீடு. அதுவும் உங்களைப் பார்த்து எழுதியதில்லை. நீங்கள் பெத்தம்மாள் என்று அதற்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் நான் போய் நின்றிருந்தாலும், திலகாவே போய் நின்றிருந்தாலும் அதே வரிதான் வந்திருக்கும். இயந்திரம் எழுதி வைத்த பலகை அது. கடைக்காரர் வெளியே போகும்போது கதவில் தொங்கவிடுகிற மாதிரி.

அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்திருக்கும். நானூற்று நான்கு என்றால், நீங்கள் தேடிப்போன விலாசத்தில் வீடே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் விலாசத்தைத் தப்பாகத் தட்டியிருப்பார்கள். நானூற்று மூன்று என்றால் வீடு இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. எண் எதுவும் வராமல் வெறுமனே காத்திருக்க வைத்தால் வீட்டில் தப்பில்லை, பாதையில்தான் நெரிசல். மூன்றும் வேறு வேறு. எது என்று தெரியாமல் என்னைத் திட்டுவதில் பயனில்லை. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்த எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

வேண்டுமானால் நானே இங்கே படத்தைக் காகிதத்தில் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சேகரன்


செலண்டார்,
24.6.1999

கொழுந்தனாருக்கு,

எண்ணைப் பார்த்தேன். நானூத்தி மூணு. ஆக வீடு இருக்கு, கதவு சாத்தியிருக்கு. இதைத்தானே நானும் எழுதினேன். நான் ஒரு வரியில் சொன்னதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காகிதம். படித்தவங்க என்றால் சும்மாவா.

அந்த நம்பரையெல்லாம் எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போட்டிருக்கலாம். நானூத்தி நாலில் வீடே இல்லை, நானூத்தி மூணில் கதவைத் திறக்க மாட்டான். ஒரு வீட்டில் கூட ஒரு வாய் கோப்பி கிடைக்காது.

உங்க சாட்சிக் கையெழுத்து, உங்க மெகி மீ எல்லாம் படித்து எனக்கும் மனசு கரைந்துதான் போச்சு. மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று பேனாவைக் கூட எடுத்தேன். அன்றைக்குச் சாயந்திரம் சீனி வாங்க மாயாண்டி கடைக்குப் போனேன். அவர் கடை முன்னால்தானே அந்தக் காசுப் போன் இருக்கு. மாயாண்டிக்கு வேறு என்ன வேலை, போன் பேசுகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

"என்ன பெத்தம்மா, அண்ணன் தம்பி சேர்ந்துட்டாங்க போல" என்றார்.

"எந்த அண்ணன், எந்தத் தம்பி?"

"உன் வீட்டுக்காரருதான்லா. நாலஞ்சு தடவை வந்து கோலாலம்பூருக்குப் பேசிட்டாரே. தம்பி, தம்பின்னு. போன வாரம் சிரிச்சுக்கூடப் பேசினாரு."

சீனியை வாங்காமலே வந்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக உங்க பேரைச் சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுசன். வீட்டிலும் போன் இருக்கு. அதை விட்டுவிட்டு, ஓட்டிப்போகிற செம்பனை லோரியை நிறுத்தி, ரோட்டோரம் நின்று, கதை பேசிச் சிரித்திருக்கிறார். என்ன கதை? நீங்க ஒரு வார்த்தை எனக்கு எழுதவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ராசி ஆகணும், அதற்கு நடுவில் பேத்தி இருக்கக்கூடாது, கதவைச் சாத்து என்று அவர் சொல்லியிருப்பார். நீங்க சாத்தியிருப்பீங்க. இனிமேல் பாதை, வீடு, பலகை என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை கேண்டீன் கழுவிவிட்டு அஞ்சு மணிக்கு மேல் போனேன். கதவு சாத்தியிருப்பது இருக்கட்டும், சாத்தியிருக்கு என்று சொல்லவே அரைமணி நேரம். ஆ சூன் மோடம் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "சாயந்திரம் ஆனா இப்படித்தான் காக்கா. யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி. போன் பண்ணினா ஒரே பதில்." அந்தப் பதிலை அவர் பேசியும் காட்டினார். 'சிலா சூபா லாகி', கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய்யுங்கள். மூக்கால் பேசுகிற குரல். எனக்குத் தெரிந்த குரல்தான்.

உங்க கையால் வரும் படம் எனக்கு வேண்டாம். என் பேத்தியை இன்னொருத்தர் காட்டி நான் பார்க்க மாட்டேன்.

பெத்தம்மாள்


கோலாலம்பூர்,
28.6.1999

அண்ணிக்கு,

அந்த மூக்குக் குரல் என்னுடையதுதான். சந்தோஷமா?

நீங்கள் கேட்காததையும் சேர்த்தே சொல்கிறேன். நாங்கள் அமுக்குகிறோம். ஒரே தொலைபேசிக் கம்பியில் பல கம்ப்யூட்டர்களை மாட்டி வைத்திருக்கும் கடைகளை, சாயந்திரம் கூட்டம் கூடும் நேரத்தில் இறுக்கிப் பிடித்து மெதுவாக விடச் சொல்லி எங்கள் ஆபீசில் மேலிடத்து ஏற்பாடு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற துவான்கள், பெரிய துரைமார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் இணையத்துக்குள் நுழைவார்கள். அவர்களுக்கு வழி விட வேண்டும். கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டால் அமுக்குகிறோம் என்று சொல்லக்கூடாது. நெரிசல், பிறகு முயற்சி செய்யுங்கள். நாள் முழுக்க அதைத்தான் சொல்கிறேன். ஆ சூனிடம் நானே சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்திருப்பேன். உங்களுக்கு ஒரு கோபம் அண்ணி. எனக்கு ஒவ்வொரு மணியும் ஒரு புதுக் கோபம், அதையும் சிரித்த குரலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அமுக்கினால் மெதுவாகும், அவ்வளவுதான். கதவு சாத்தாது. கதவு சாத்துவது வேறு கதை. இதை எனக்கே சரியாகத் தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது.

அந்த இலவச நிறுவனம் ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் ஒரு அளவு வைத்திருக்கிறது. யாராவது வந்து படத்தைத் திறந்தால், அந்தப் படத்தின் கனம் அளவில் கழியும். இன்னொருவர் திறந்தால் இன்னொரு முறை கழியும். ஒரே ஆள் திரும்பத் திரும்பத் திறந்தாலும் அப்படித்தான். அளவு தீர்ந்ததும் பலகையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். அங்கே மறுநாள் பிறந்தால்தான் திறக்கும். திலகா படத்தை அப்படியே, கொஞ்சமும் சுருக்காமல் ஏற்றி வைத்திருக்கிறாள். பெரிய கனம். சில பேர் பார்த்தாலே அன்றைய அளவு முடிந்துவிடும். போன் பண்ணிச் சுருக்கச் சொன்னேன். "என் பிள்ளையைச் சின்னதாக்க மாட்டேன் சித்தப்பா" என்று போனை வைத்துவிட்டாள். இந்தக் குடும்பத்தில் யாரிடம்தான் பேசுவது?

திலகாவும் நகுலனும் அங்கே அதைத் திறப்பதில்லை. குழந்தையே மடியில் இருக்கிறது, படம் எதற்கு? நான் ஒரு தடவை திறந்தேன். அப்படியானால் நீங்கள் சாயந்திரம் போவதற்குள், தினமும் யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துத் தீர்த்துவிடுகிறார்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அண்ணன் என்னோடு பேசியது உண்மை. என்ன பேசினார் என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் கேட்ட ஒரே சத்தியம். அதை உங்களுக்காகவும் உடைக்க முடியாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அமெரிக்காவில் அந்த நிறுவனம் இருக்கும் ஊரில் நாள் மாறும்போது நமக்கு மதியம் மூன்று மணி. அப்போது கதவு திறக்கும். எங்கள் ஆபீசும் அந்நேரம் அமுக்க ஆரம்பித்திருக்காது. சனிக்கிழமை வேண்டாம், வேலை நாளில் போங்கள். சரியாக மூன்று மணிக்கு.

சேகரன்


செலண்டார்,
30.6.1999

கொழுந்தனாருக்கு,

துவான்களுக்கு வழி விட என் பேத்தியை நெற்றியோடு நிறுத்தியிருக்கீங்க. அதையும் சிரித்த குரலில். இதை நான் மறக்க மாட்டேன்.

மூணு மணிக்கு வேலை விட்டுப் போக முடியாது. மாரியம்மாவைக் கெஞ்சி அடுத்த திங்கட்கிழமைக்குக் கேண்டீனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கையால் போடும் கோப்பியைக் குடித்துவிட்டு வாத்தியார்கள் என்னைத் தேடுவார்கள். போய்விட்டு வருகிறேன். அப்போதும் கதவு சாத்தியிருந்தால், அடுத்த பஸ் கோலாலம்பூருக்குத்தான். உங்க ஆபீசில் எந்த மாடி, எந்த மேசை என்று எழுதி வையுங்கள். சத்தியத்தையும் அங்கேயே வைத்துப் பேசிக்கொள்வோம்.

பெத்தம்மாள்


கோலாலம்பூர்,
2.7.1999

அண்ணி,

போங்கள். அங்கே போய்க் கூச்சல் போடாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சேகரன்


செலண்டார்,
6.7.1999

சேகர்,

கூச்சல் போடாதீர்கள் என்று எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். யாரைப் பார்த்துக் கூச்சல் போடப் போகிறேன் என்று யோசிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று ஜாசினில் இறங்கும்போது மூணு அடித்துக் கொஞ்சம் ஆகியிருந்தது. ஆ சூன் கடை டோபிக் கடைக்கு மேல்மாடி. கீழே அங்சானா மரத்தடியில் ஒரு லோரி. எண்ணெய் மில்லுக்குப் போகிற செம்பனைக் குலை ஏற்றி, வலை போட்டு நிற்குது. நம்பரைப் பார்த்தேன். உங்க அண்ணன் லோரி. மாரியம்மா வாயை வைத்துக்கொண்டு இருக்க மாட்டாள், நான் வருவது தெரிந்து பிடிக்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் போயிருப்பேன். ஆனால் மூணு மணிக் கதவு மூணு மணிக்குத்தானே திறக்கும். திட்டினால் திட்டட்டும், பார்த்துவிட்டுத் திட்டு வாங்குவோம் என்று படி ஏறினேன்.

உள்ளே உங்க அண்ணன் முதுகு. கடையில் இருப்பது நாலு பெட்டி. நாலுக்கும் காசு கட்டி எடுத்திருக்கிறார். ஆட்டம் ஆட வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு பெட்டியிலும் ஒரே படம். இரண்டில் சுவர். ஒன்றில் திரை. ஒன்றில் கொஞ்சம் முடி. இவர் உருளை நாற்காலியில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உருண்டுகொண்டிருக்கிறார், மில்லில் எடை பார்க்கிற மாதிரி.

உனக்குத் தெரியும், தீபாவளிக்கு மலாக்கா பஸ் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கப் போனால் என்னை ஒரு வரிசையில் விடுவார், திலகாவை ஒரு வரிசையில் விடுவார், அவர் ஒரு வரிசையில் நிற்பார். எது முந்துதோ அதில் போய்ச் சேர்ந்துகொள்வோம். அதே கணக்கை இங்கேயும் போட்டிருக்கிறார். நாலு பெட்டியில் திறந்தால் ஏதாவது ஒன்றில் முகம் சீக்கிரம் வந்துவிடுமாம்.

நான் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. ஆ சூன்தான் நிற்கிறார் என்று நினைத்தார் போல. "ஈனி லாஜு சிகிட்" என்றார். இது கொஞ்சம் வேகமாம்.

"எது வேகம்?" என்றேன் தமிழில்.

நாற்காலி நின்றது. பிறகு, "உட்காரு. ரெண்டாவதுல முடி வந்துடுச்சு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த லோரியில் இருந்த குலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேல் போட்டிருப்பேன். நீ கூச்சல் போடாதே என்றாய், நான் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன். "பேரைச் சொல்லக்கூடாதுன்னு வீட்டுல உத்தரவு. ரெண்டு கடுதாசியைப் பிரிக்காம திருப்பி அனுப்பினீங்க. அதுல இதே படம்தானே இருந்துச்சு. அதை விட்டுட்டு இங்க வந்து நாலு பெட்டியைக் குத்தகைக்கு எடுத்திருக்கீங்க."

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடுதாசி வந்தா பதில் எழுதணும். இது பதில் கேக்காது."

சேகர், இருபத்தாறு வருஷம் அந்த மனுசனோடு இருந்திருக்கிறேன். இப்படி ஒரு கோழையோடு இருந்திருக்கிறேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அடிக்கலாமா, பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

ஆ சூன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான் தினமும் சொல்றேன், லோரி அங்கிள் கேக்கல. நாலு பெட்டிக்கும் ஒரே கம்பி. நாலு பேரு ஒரே வாசல்ல முட்டினா யாரு நுழையுறது? அதுவும் நாலு தரம் திறந்தா அங்க நாலு தரம் கழியுது. முகம் வர்றதுக்குள்ள பூட்டிடுறான். யாருகிட்டயும் சொல்லாதேன்னு என் வாயையும் கட்டிட்டாரு."

ஆக, இவரும் இத்தனை நாளில் முழு முகத்தைப் பார்க்கவில்லை. தானும் பார்க்காமல், சாயந்திரம் வருகிற என்னையும் பார்க்க விடாமல், அளவை மட்டும் தினமும் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மூணைச் சாத்துங்க" என்றேன்.

"எந்த மூணு?"

"முடி வந்ததை விட்டுட்டு மத்த மூணு."

சாத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஓடிப்போய் அந்த மூணையும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பெட்டியில் நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண் மூடியிருந்தது. மூக்கு, வாய், ஒரு கை, கையில் முட்டி மடக்கிய விரல்கள். பிள்ளை தூங்குகிறது. இவ்வளவு சண்டைக்கும் நடுவில் நிம்மதியாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறது.

பக்கத்தில் துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்தது. உங்க அண்ணன் எழுந்து போய் அவர்கள் தோளைத் தட்டினார். "சத்தத்தைக் குறைங்கடா. புள்ள தூங்குது." அவர்களும் குறைத்தார்கள்.

அதற்கப்புறம் நாங்களும் கிசுகிசுவென்றுதான் பேசினோம். சண்டையையும் கிசுகிசுவென்றே போட்டோம். அவருக்கு இணையத்தைத் திறக்க வழி சொன்னது நீ, மூணு மணி ரகசியத்தையும் அவருக்கு முதலில் சொன்னது நீ, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டது அவர். எல்லாம் சொன்னார். என் முதல் கடிதம் கையில் கிடைத்ததுமே உனக்கு ஆள் யார் என்று தெரிந்திருக்கும். சத்தியத்தை உடைக்காமல் நேரத்தை மட்டும் எனக்கு எழுதி, எங்க இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் முட்ட விட்டிருக்கிறாய். இதற்கு உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. சாயந்திரத்தில் ஜனங்கள் கழுத்தை அமுக்குகிறாயே, அதற்குத் திட்டு நிச்சயமாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் வாங்கிக்கொள். வீட்டுக்கு வா. அண்ணன் கூப்பிடவில்லை, நான் கூப்பிடுகிறேன். அவர் தட்டைத் தள்ளினால் அவருக்குச் சோறு இல்லை.

பார்த்து முடித்ததும் ஆ சூன் மேசைப் போனில் கனடாவுக்குப் போடச் சொன்னேன். "பதில் கேக்காததைப் பாத்தாச்சு, இப்ப கேக்குறதைப் பேசுங்க" என்றேன். மறுத்தார். நான் அசையவில்லை. நம்பரைத் தட்டினார். மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. நிமிர்ந்து நின்று சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டார்.

எடுத்தது மாப்பிள்ளை. அங்கே விடியக்கூட இல்லை போலிருக்கு, தூக்கக் குரலில் "ஹலோ, ஆரது?" என்றான். உங்க அண்ணன், "சாலா நொம்போர்" என்று மலாயில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். தப்பான நம்பராம்.

பிறகு மில்லுக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போனார். கடை வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பில் அவருடையது ஒன்றும் என்னுடையது ஒன்றும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். லோரி போய்விட்டது. வாசலில் மிச்சம் இருந்ததும் அதே மாதிரி ஒரு ஜோடி. அதைப் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

அண்ணி